பழைய மோட்டார்ஹோம் ரோட்டில் அலைகிறது: உடனே ஸ்வே பார், டிராக் பார் எல்லாம் போடலாமா, முதலில் அடியில் படுத்துப் பார்க்கணுமா?

ரேவதி_ஆஸ்டின்

வணக்கம். எங்களிடம் இருப்பது 1986 மாடல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வீட்டு வண்டி), 30 அடி, ஷெவி பி-30 சேஸி, 454 கன அங்குல இன்ஜின், வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம்) 178 அங்குலம். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் பிள்ளைகளோடு ஆஸ்டினிலிருந்து பாலோ டியூரோ கேன்யன் போய் வந்தோம். ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. மணிக்கு 55 மைலைத் தாண்டியதும் வண்டி ஒரு இடத்தில் நிற்காமல் இடமும் வலமும் அலைகிறது, ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் ஒரு பெரிய லாரி முந்தினால் முதலில் எங்கள் வால் வலப்பக்கம் தள்ளப்பட்டு மூக்கு லாரியை நோக்கித் திரும்புகிறது, நான் அதைத் திருத்துவதற்குள் லாரி முன்னே வந்து மூக்கை வெளியே தள்ளிவிடுகிறது. அமரில்லோ பக்கம் காற்று வேறு. நானும் கணவரும் மணிக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஓட்டியும் இரண்டு பேருக்கும் தோள் விட்டுப்போனது. டயர் கடையில் ஆறு டயருக்கும் 80 பி.எஸ்.ஐ. காற்று அடித்து, "பழைய வண்டி இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

செல்வம்_பீனிக்ஸ்

ரேவதி, என்னிடமும் இதே சேஸிதான், 1984, 27 அடி. பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் ஐ-10-ல் காற்றாலைகள் நிற்கிற சான் கொர்கோனியோ கணவாயில் ஒரு முறை பக்கத்து லேனுக்கே போய்விட்டேன். அப்புறம் பின்னால் தடியான ஸ்வே பார் (பாடி சாய்வதைக் குறைக்கிற கம்பி), டிராக் பார் (ஆக்சிலுக்கு மேலே சேஸி பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற கம்பி), முன்னால் புது ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் உதறலை அடக்குகிற சாமான்), மூன்றையும் ஒரே வாரத்தில் போட்டேன். அன்றிலிருந்து நான்கு வருஷமாக நிம்மதி. மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். இந்த வண்டிகளுக்கு என்ன குறை என்பது ஊருக்கே தெரியும். மூன்றையும் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

துரை_நாமக்கல்

தம்பி செல்வம், உங்கள் வண்டிக்கு அது சரியாக இருந்திருக்கும். அந்தம்மா வண்டிக்கு என்ன நோய் என்று யாரும் இன்னும் பார்க்கவே இல்லையே. நான் நாமக்கல்லில் 22 வருஷம் லாரி பட்டறை வைத்திருந்தேன், இப்போது ஹூஸ்டனில் மகன் வீட்டில் இருக்கிறேன். "வண்டி ஆடுது" என்று சொல்லிக்கொண்டு வருகிற டிரைவரிடம் நான் முதலில் கேட்பது, எப்படி ஆடுது என்பதைத்தான். நேர் ரோட்டில் தானாக அலைவது ஒன்று. வளைவில் திரும்பும்போது பாடி சாய்வது வேறு. வால் மட்டும் தனியாக ஆடுவது இன்னொன்று. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஸ்வே பார் சாய்வைக் குறைக்கும், ஆனால் ஸ்டியரிங்கில் ப்ளே (தளர்வான ஆட்டம்) இருந்து வண்டி அலைந்தால் அது ஒன்றும் செய்யாது. டேம்பர் இன்னும் மோசம், தேய்ந்த சாமானை மூடி மறைத்துவிடும். கையில் ஆட்டம் குறைந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டுவோம், அடியில் ஜாயிண்ட் தேய்ந்துகொண்டே போகும்.

ரேவதி அம்மா, செலவில்லாமல் மூன்று காரியம் செய்யுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். இன்ஜின் ஓடட்டும். உங்கள் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் சுற்று மட்டும் ஆட்டட்டும், நீங்கள் முன்பக்கம் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த சேஸியில் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் ராடு ஒரு பெல் கிராங்கை (நடுவில் சுழல்கிற கை போன்ற சாமான்) திருப்பும், அதுதான் சக்கரங்களைத் திருப்புகிற டை ராடுகளை இழுக்கும். எந்த ஜாயிண்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைகிறதோ அதுதான் ஆள்.

அடுத்தது பின்பக்கம். இன்ஜினை நிறுத்திவிட்டு, பின் ஆக்சிலில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனி சேஸியைக் காட்டுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒருவர் பின் மூலையில் தோள் கொடுத்துத் தாளத்தோடு தள்ளட்டும். கோடு கம்பியை விட்டு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். சேஸி அசையாமல் மேலே பாடி மட்டும் அசைந்தால் பாடி போல்ட் லூஸ், இல்லை உள்ளே மரம் உளுத்திருக்கிறது.

மூன்றாவது, டயரின் வயசு. பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துக்களின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்.

செல்வம்_பீனிக்ஸ்

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் சரக்கு லாரிக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இது காற்றைப் பிடிக்கிற பெரிய பெட்டி. பின் ஆக்சிலுக்கு அப்பால் 11, 12 அடி தொங்குகிறது. லாரிக் காற்று அந்த வாலைத் தள்ளும்போது கமான் பட்டையும், அதன் நுனியைச் சேஸியோடு இணைக்கிற ஷாக்கிளும் வளைந்து கொடுக்கும், ஆக்சிலுக்கு மேலே சேஸி பக்கவாட்டில் நகரும். அதாவது வால் தானே ஸ்டியரிங் பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் டிராக் பார். எல்லா ஜாயிண்டும் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். ரேவதி எழுதியதைப் பாருங்கள், முதலில் நகர்ந்தது வால்தான்.

குமார்_டென்வர்

ஸ்டியரிங் பாக்ஸ் மேலே ஒரு லாக் நட்டும் ஸ்குருவும் இருக்கும். அரைச் சுற்று முறுக்கினால் ப்ளே போய்விடும். என் வண்டியில் பத்து நிமிஷ வேலை.

துரை_நாமக்கல்

குமார் தம்பி, தயவுசெய்து இதை எல்லோருக்கும் சொல்லாதீர்கள். மற்ற ஜாயிண்டெல்லாம் நல்லது என்று தெரிந்த பிறகு, கடைசியாகத் தொட வேண்டிய ஸ்குரு அது. அதிகமாக முறுக்கினால் நடுவில் இறுகிக்கொள்ளும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் அலைச்சல் கூடத்தான் செய்யும். இப்படி இறுக்கிக்கொண்டு வந்த வண்டிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை வைத்து ஓட்டுகிற வண்டி இது.

வன்னிக்காரன்_ஸ்காபரோ

நீங்கள் இருவரும் கதைப்பதில் ஒரு விசயம் விடுபட்டுப் போச்சுது. பாரம். 178 அங்குல வீல்பேசை 360 அங்குல நீளத்தால் வகுத்தால் 49 சதவீதம்தான். 54, 55-க்கு மேல் இருந்தால் நேராக ஓடும் என்பது ஆர்.வி. (இப்படியான வீட்டு வண்டி) வைத்திருப்பவர்களின் பொதுக்கணக்கு. இதை மாற்ற ஏலாது, ஆனால் பாரத்தை மாற்றலாம். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு பொருளும் முன் அச்சைத் தூக்கும். தண்ணீர்த் தாங்கி பின் கட்டிலுக்குக் கீழே, அச்சிலிருந்து 8 அடி தள்ளி இருக்குது என்று வையுங்கள். 40 கலன் தண்ணீர் 334 பவுண்டு. அதில் 180 பவுண்டு அளவுக்கு முன் அச்சில் குறைந்துபோகும். வண்டிக்குப் பின்னால் சைக்கிளும் ஜெனரேட்டரும் மாட்டியிருந்தால் இன்னும் குறையும். முன் சக்கரத்தில் பாரம் இல்லாமல் எந்த லொறியும் நேராக ஓடாது. முதலில் ட்ரக் ஸ்டொப் எடை மேடையில் ஏற்றி இரண்டு அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கோ. ரயருக்கு எவ்வளவு காற்று என்பதும் அந்த எடையைப் பார்த்துத்தான். 80 என்பது அந்த ரயர் உச்ச பாரம் சுமப்பதற்கான அளவு. பாரம் குறைந்த முன் சக்கரத்தில் அதை அடித்தால் ரயர் கல்லுப்போல இருந்து ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் விலகி ஓடும்.

ரேவதி_ஆஸ்டின்

எல்லோருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே வேலைதான். நீர்த்தொட்டி நிறைந்து, பின்னால் கேரியரில் 200 பவுண்டு சாமானோடு, பயணம் போனது போலவே எடை போட்டேன். முன் 4,100, பின் 9,900. தொட்டியைக் காலி செய்து கேரியரைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டால் முன் 4,450, பின் 9,020. மொத்தத்தில் 530 பவுண்டு குறைந்த வண்டியில் முன்பக்கம் மட்டும் 350 கூடியிருக்கிறது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டயர் எண் 1114, ஆறிலும். அதாவது 2014-ன் 11-வது வாரம். ரோட்டைத் தொடும் பக்கத்தில் டயரின் பள்ளம் நன்றாகத்தான் இருக்கிறது, பக்கச் சுவரில் நகத்தை வைத்தால் வெடிப்புக்குள் போகிறது.

துரை ஐயா சொன்னபடி அடியில் படுத்துப் பார்த்தேன். கணவர் ஸ்டியரிங்கை ஆட்ட ஆட்ட, அந்த பெல் கிராங்க் சுற்றுவதற்கு முன்னால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. இரண்டு காசை அடுக்கிய கனம் இருக்கும். சாய்ந்து, ஒரு "டக்" சத்தம், அப்புறம்தான் டை ராடு அசைகிறது. அதைப் பார்த்ததும் அந்தப் பயணத்தில் ஸ்டியரிங் ஏன் அப்படி இருந்தது என்று புரிந்தது.

இன்னொன்று. முன் காயில் ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை இருக்கிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்தேன். இடது பையில் 45 பி.எஸ்.ஐ., வலதில் 5.

பின்பக்கத் தோள் சோதனையில் கோடு அரை அங்குலம் நகர்ந்தது.

துரை_நாமக்கல்

பெல் கிராங்க் பேரிங் போய்விட்டது அம்மா, அதை மாற்றாமல் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். டயர் ஆறும் மாற்றியே ஆகணும், இதில் யாருக்கும் வேறு கருத்து இருக்காது. காற்றுப்பையை மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பையில் இடம் கொஞ்சம்தான், கேஜை வைத்து எடுப்பதற்குள்ளேயே சில பி.எஸ்.ஐ. போய்விடும், அதனால் அளந்த பிறகு திரும்ப நிரப்பணும். இதெல்லாம் முடித்த பிறகுதான் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது). பை இறங்கினால் முன்பக்கம் தாழும், தாழ்ந்தால் காஸ்டர் (சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு) குறையும், காஸ்டர் குறைந்தால் சக்கரம் தானாக நேருக்கு வராது. வண்டியில் சாமான் ஏற்றி, பையில் காற்று சரியாக வைத்து, அப்படியே கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள்.

வன்னிக்காரன்_ஸ்காபரோ

பின் ரயருக்குக் காற்றை அதிகம் குறைக்காதீங்கோ. 9,900-ஐ நாலால் வகுத்தால் ஒன்றுக்கு 2,475 வருது, அங்கே இடமில்லை. முன்னுக்கு மட்டும் ரயர் கம்பனியின் அட்டவணையில் உங்கள் எடைக்கு நேராக உள்ளதைப் பாருங்கோ, இடமும் வலமும் ஒரே பாரமாக இராது, கூடின பக்கத்தை வைத்து எடுங்கோ. காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கோ.

செல்வம்_பீனிக்ஸ்

பெல் கிராங்க் விஷயத்தில் ஐயா சொன்னதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். அதைப் பார்க்காமல் நான் டேம்பர் வாங்கச் சொன்னது தப்பு. ஆனால் அரை அங்குலம் கோடு நகர்ந்ததை யாரும் பேசவில்லையே? ஒருவர் தோளால் தள்ளியதற்கே அரை அங்குலம் என்றால், 70 மைலில் முந்துகிற லாரிக் காற்றுக்கு எவ்வளவு? பேரிங்கும் டயரும் மாற்றினாலும் வால் தள்ளுவது நிற்காது. நான் முதல் நாள் சொன்னது அதுதான்.

ரேவதி_ஆஸ்டின்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பெல் கிராங்க், இரண்டு காற்றுப்பை, ஆறு டயர், அலைன்மென்ட் முடிந்தது. தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மட்டும், ஜெனரேட்டர் வீட்டில். ஐ-35-ல் ஜார்ஜ்டவுன் தாண்டி 60-ல் போனேன். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடிக்க முடிகிறது, அலைச்சல் இல்லை. லாரி முந்தும்போது மூக்கு திரும்புவது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, ஆனால் வால் தள்ளுவது இன்னும் தெரிகிறது. எக்ஸிட் வளைவில் சாய்வும் அப்படியேதான் இருக்கிறது.

துரை_நாமக்கல்

செல்வம் தம்பி சொன்னது இங்கே பொருந்துகிறது. வால் தள்ளுவதற்கு டிராக் பார் போடலாம், நான் தடுக்கவில்லை. போடுவதற்கு முன் ஷாக்கிள் புஷ்ஷை (இணைப்புத் துளைக்குள் இருக்கிற உறை) மாற்றிவிட்டு அதே கோட்டை ஒரு முறை பார்த்துவிடுங்கள். சாய்வுக்குப் புது ஸ்வே பார் வாங்கும் முன் வண்டியில் இருக்கிற பாரின் ரப்பரைப் பாருங்கள். முன்னால் நிச்சயம் ஒன்று இருக்கும்.

ரேவதி_ஆஸ்டின்

பார்த்தேன் ஐயா. முன்னால் இருக்கிறது, பின்னால் பாரே இல்லை. முன்பாரைப் பிடித்திருக்கிற ரப்பர் துளை நீள்வட்டமாகிவிட்டது, பாரைக் கையால் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் போகிறது. புஷ், லிங்க் எல்லாம் ஆர்டர் போட்டாயிற்று, ஷாக்கிள் புஷ்ஷும் சேர்த்து. சனிக்கிழமை மாட்டிவிட்டு அதே கம்பி, அதே சாக்பீஸோடு தள்ளிப் பார்க்கிறோம். கால் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் செல்வம் அண்ணா, உங்கள் டிராக் பார் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டு வருவேன்.

செல்வம்_பீனிக்ஸ்

கேளுங்கள். பின் ஆக்சில் ஹவுசிங்கின் விட்டத்தை மட்டும் அளந்து வையுங்கள், மாடலுக்கு மாடல் பிராக்கெட் மாறும்.