மூளைக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு நின்றுபோன பிள்ளை, கரண்ட் வைப்பதைத் தள்ளிப்போடலாமா?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகனுக்கு 7 வயது. கொஞ்ச நாளாகவே காலையில் எழுந்ததும் தலைவலி என்பான், வாந்தி எடுப்பான், எடுத்து முடித்ததும் தெளிந்து பள்ளிக்கூடம் போய்விடுவான். அதனால் முதலில் வயிற்றுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள். அப்புறம் எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றான், நடையில் தள்ளாட்டம் வந்தது, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் சிறுமூளையில் கட்டி. அது மூளை நீர் போகிற வழியை அடைத்து மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். பயாப்சியில் மெடுல்லோபிளாஸ்டோமா, அதாவது சிறுமூளையில் வருகிற ஒரு புற்றுநோய்க் கட்டி என்று வந்திருக்கிறது.

கண் விழித்தவன் அம்மாவைக் கூப்பிட்டான், தண்ணீர் கேட்டான். மறுநாள் சாயங்காலத்திலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. கீச்சென்று ஒரே மாதிரி அழுகிறான், அக்கா மடியில் போட்டாலும் நிற்பதில்லை. கழுத்து தொய்ந்து கிடக்கிறது. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. பெரிய டாக்டர் "வந்துடும், பொறுமையா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊரில் ஆளாளுக்கு நரம்பை வெட்டிவிட்டார்கள் என்கிறார்கள். அடுத்து தலைக்கும் முதுகுக்கும் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை வைக்க வேண்டுமாம். மச்சானோ, பேச்சு திரும்பட்டும், பிள்ளை தேறட்டும், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்கிறார். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், பேச்சு வருமா? காத்திருக்கலாமா?

தாமிரபரணி அம்மா:

தம்பி, வரும். முதலில் இதை அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள். என் மகளுக்கும் இதே கட்டி, இதே ஆபரேஷன், இதே மாதிரி ரெண்டாம் நாள் வாய் மூடியது. மாதக்கணக்கில் பேசவில்லை. இப்போது காலேஜில் படிக்கிறாள், பேசுகிறாள், கொஞ்சம் நிதானமாக இழுத்து இழுத்துப் பேசுவாள், அவ்வளவுதான்.

எங்களுக்கும் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் பிள்ளைதான், அவளுக்கு எல்லாம் கேட்கிறது, புரிகிறது, சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருங்கள் என்றது. பேச ஆரம்பித்த பிறகு அவளே, அந்த நாட்களில் யார் வந்தார்கள், கட்டில் பக்கத்தில் நின்று யார் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் சொன்னாள். அதனால் "நரம்பை வெட்டிட்டாங்க", "இனி இப்படித்தான்" என்கிற பேச்செல்லாம் அந்தப் பிள்ளை காதில் விழவே கூடாது. சொந்தக்காரர்களை வெளியே நிறுத்துங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஆமாம் என்றால் விரலை அசை, இல்லை என்றால் கண்ணை மூடு என்று ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பிடித்த பாட்டைப் போடுங்கள். எங்கள் மகளுக்கு முதலில் திரும்பியது சிரிப்பு, அப்புறம் முனகல், அப்புறம் "ம்மா". அதன் பிறகு சீக்கிரமாகவே ஒவ்வொரு சொல்லாக வந்தது.

இன்னொன்று, மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அந்த மருந்தும் பிள்ளையை எரிச்சலாக்கும், தூங்க விடாது. அழுகை முழுவதையும் கட்டி மேல் போட்டுப் பயப்படாதீர்கள்.

பேச்சுப் பயிற்சி சேலம்:

சார், குழந்தைகளுக்குப் பேச்சும் விழுங்கலும் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே சிறுமூளை மியூட்டிசம், அதாவது சிறுமூளை ஆபரேஷனுக்குப் பின் பேச்சு நின்றுபோவது, போஸ்டீரியர் ஃபோசா சிண்ட்ரோம் என்றும் எழுதுவார்கள். மெடுல்லோபிளாஸ்டோமா ஆபரேஷன் ஆன குழந்தைகளில் கிட்டத்தட்ட 4 பேரில் ஒருவருக்கு வருகிறது. விழித்ததும் பேசி, ஒன்றிரண்டு நாளில் நின்றுபோவதுதான் இதன் அடையாளம். பெரிய ஊர், பெரிய மருத்துவமனை, கைதேர்ந்த சர்ஜன் என்றாலும் வருகிறது. கட்டி சிறுமூளையின் நடுவில், மூளைத்தண்டை ஒட்டி இருந்தால் வாய்ப்பு கூடும்.

நாக்கு நரம்பையோ குரல் நாணையோ யாரும் வெட்டவில்லை. சிறுமூளையின் உள்ளே இருந்து, மூளையின் நடுவில் இருக்கிற தலாமஸ் வழியாக முன்மூளைக்குப் போகிற இணைப்பு ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் அது அடிபட்டால் பேச்சைத் தொடங்கவே முடியாமல் போகிறது. தசை தொய்வு, ஓயாத அழுகை, விழுங்க முடியாமை எல்லாம் கூடவே வரும். சில நாளில் திரும்பும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பேச்சு திரும்புகிறது. ஆனால் குளறலும் மெதுவான பேச்சும் நடையில் தள்ளாட்டமும் நிறையப் பேருக்குத் தங்கிவிடும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதைக் குணமாக்கும் என்று நிரூபணமான மாத்திரை எதுவும் கிடையாது. பயிற்சிதான், அதுவும் இப்போதே கட்டிலிலேயே தொடங்க வேண்டும், பிசியோவையும் எங்களைப் போன்றவர்களையும் வரச்சொல்லி நீங்களே கேளுங்கள்.

பாசத்தில் யாரும் ஸ்பூனில் தண்ணீரோ ஜூஸோ கொடுத்துவிட வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு நீர் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் வராமலே போகலாம், நிமோனியாவில் போய் நிற்கலாம். விழுங்கல் சோதனை முடியும்வரை குழாய்தான்.

உங்கள் மச்சான் விஷயம்தான் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. இந்தக் கட்டியின் செல்கள் மூளை நீர் வழியாக முதுகுத்தண்டு வரைக்கும் இறங்கக்கூடியவை, அதனால்தான் தலையோடு முதுகுக்கும் சேர்த்து வைக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து 4 முதல் 6 வாரத்துக்குள் தொடங்கிவிடுவார்கள், 7 வாரத்தைத் தாண்ட விடக்கூடாது. தாமதமாகத் தாமதமாகக் கட்டி திரும்புகிற ஆபத்து கூடுகிறது. பேச்சுக்குக் காலம் இருக்கிறது, கரண்டுக்கு இல்லை. பேசாத, அசையாமல் படுக்கத் தெரியாத பிள்ளைகளுக்குத் தினமும் மயக்கம் கொடுத்து வைக்கிறார்கள், அதற்கென்று மயக்க டாக்டர் இருப்பார், தயங்க வேண்டாம்.

வைகைக்கரை:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி மேடம். மச்சானிடம் படித்துக் காட்டினேன், கொஞ்சம் இறங்கியிருக்கிறார். ஆனால் இப்போது வேறு பேச்சு ஓடுகிறது. கரண்ட் வைத்தால் படிப்பு ஏறாது, சென்னையில் புரோட்டான் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் மூளையைக் கெடுக்காது என்று யாரோ சொல்ல, இருக்கிற காட்டை விற்கலாமா என்று பார்க்கிறார்கள்.

பேச்சுப் பயிற்சி சேலம்:

காட்டை விற்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள். சென்னை தரமணியில் அப்போலோ 2019இல் புரோட்டான் மையம் தொடங்கியது, மும்பை டாடா மெமோரியலிலும் இருக்கிறது. சாதாரணக் கதிர் உடம்பைத் துளைத்து மறுபக்கம் போகும், புரோட்டான் குறித்த ஆழத்தில் நின்றுவிடும். அதனால் முதுகுக்கு வைக்கும்போது முன்னால் இருக்கிற இதயம், குடல், தைராய்டு தப்பிக்கும், காதுக்கும் குறைவாகப் போகும். அது நல்ல விஷயம்தான். ஆனால் இந்த நோய்க்கு முழு மூளைக்கும் வைத்தே ஆக வேண்டும், எந்தக் கதிர் என்றாலும் அந்தப் பங்கு மூளைக்குப் போகத்தான் செய்யும். குணமாகிற வாய்ப்பும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வசதியாக, நாள் தவறாமல் கிடைத்தால் சரி. பணம் புரட்ட மாதம் கடத்துவது வேண்டவே வேண்டாம்.

படிப்பைப் பற்றிக் கவலை என்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆபரேஷனுக்குப் பின் எடுத்த எம்ஆர்ஐயில் மிச்சக் கட்டி 1.5 சதுர செ.மீ.க்குள் இருந்து, முதுகு எம்ஆர்ஐயும் முதுகு நீர் சோதனையும் சுத்தமாக இருந்தால் சாதாரண ஆபத்துப் பிரிவு என்பார்கள், அப்போது தலைக்கும் முதுகுக்கும் 23.4 கிரே (கதிரின் அளவு) போதும், அதிக ஆபத்து என்றால் 36 கிரே. கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54 வரை போகும். இந்த வித்தியாசம் பிள்ளையின் மூளைக்குப் பெரிய வித்தியாசம். அப்படியே டபிள்யூஎன்டி, எஸ்ஹெச்ஹெச், குரூப் 3, குரூப் 4 என்று கட்டியின் மூலக்கூறு வகை பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள், டபிள்யூஎன்டி என்றால் 10இல் 9 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். சாதாரண ஆபத்துப் பிரிவில் மொத்தமாகப் பார்த்தாலே, முழுச் சிகிச்சையும் எடுத்தவர்களில் 5 வருடம் தாண்டுபவர்கள் ஏறக்குறைய 80 சதவீதம்.

செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, உங்கள் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள்.

கொங்குக்காரன்:

அண்ணா, எனக்கு இந்தக் கட்டி வந்தது ஆறாவது படிக்கும்போது, இப்போது வேலைக்குப் போகிறேன். எனக்குப் பேச்சு போகவில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்லத் தெரியாது. அதற்குப் பிறகு வருகிறதைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதை யாருமே எதிர்பார்க்கவில்லை.

படிப்பு போய்விடும் என்பது சரியில்லை. எனக்குப் புரிகிறது, ஆனால் மெதுவாகத்தான் முடிகிறது. போர்டில் எழுதுவதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுவார்கள், மூன்று மணி நேரப் பரீட்சை பத்தாது. ஆசிரியர்கள் சோம்பேறி என்று நினைத்தார்கள், அது ரொம்ப வலித்தது. மாற்றுத்திறனாளி சான்று வாங்கிப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது. திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்பும்போதே யாராவது ஒரு பெரியவர் போய்த் தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள், நீங்களே போகலாம், மாமா போனால் மதிப்பார்கள்.

கரண்ட் வைத்ததில் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டு ரெண்டும் தளரலாம். வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் தைராய்டு மாத்திரையும் தேவைப்படலாம், முதுகுக்கு வைப்பதால் உடம்பு உயரமும் கொஞ்சம் குறையும். வருடா வருடம் ஹார்மோன் டாக்டரிடம் காட்ட வேண்டும், கட்டி போய்விட்டது என்று அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் காது. கீமோவில் சிஸ்பிளாட்டின் என்கிற மருந்து இருக்கும், அது மெல்லிய உச்ச ஒலிகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகும், சத்தம் கேட்கும், ஆனால் வகுப்பில் சொற்கள் குழம்பும், கூப்பிட்டால் திரும்புகிறான் என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பேச்சே திரும்பி வந்துகொண்டிருக்கிற பிள்ளைக்குக் காது கேட்பதும் குறைந்தால் ரொம்பக் கஷ்டம். முதல் சிஸ்பிளாட்டின் ஏற்றுவதற்கு முன்னாலேயே காது சோதனை ஒன்று செய்யச் சொல்லுங்கள், அவன் பதில் சொல்ல முடியாவிட்டாலும் தூங்கவைத்து எடுக்கிற பெரா சோதனை இருக்கிறது, அடுத்தடுத்த சுற்றுகளுக்கு முன்னாலும் கேளுங்கள், குறைய ஆரம்பித்தால் டாக்டர் அளவை மாற்றிப் பார்ப்பார். அந்த ரிப்போர்ட் ஒவ்வொன்றையும் ஃபைலில் தனியாக வையுங்கள்.