விண்டோஸ், உபுண்டு இரண்டுக்கும் ஒத்துவரும் கிளவுட் சேமிப்பு எது?

அனைவருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டை அலுவலகத்தில் விண்டோஸ் கணினியும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் உபுண்டு மடிக்கணினியும் வைத்திருக்கிறோம். கூலிப் பட்டியல், மிளகு விற்ற ரசீதுகளின் ஸ்கேன் பிரதிகள் என ஏறக்குறைய 10 ஜிபி கோப்புகள் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

கூகுள் டிரைவ் 15 ஜிபி இலவசமாகத் தந்தாலும், அது ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களுக்கென்று கூகுளின் சொந்தச் செயலியும் கிடையாது. ஒன்டிரைவின் நிலையும் அதுவே. இலவச இடமோ 5 ஜிபி. டிராப்பாக்ஸ் உபுண்டுவில் நேரடியாக இயங்குவதோடு, பெரிய கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதால், மழைக்காலத்தில் இணையம் அடிக்கடி அறுந்துபோகும் மலைக்கு அதுவே ஏற்றது என்று கருதுகிறேன். ஆனால் இலவசமாகக் கிடைப்பது 2 ஜிபிதான். கட்டணத் திட்டம் சிறு தோட்டத்துக்குக் கட்டுப்படியாகாது. கணினிகளுக்கிடையே கோப்புகளை நேரடியாக ஒத்திசைக்கும் சின்க்திங் (Syncthing) செயலி செலவில்லாதது, எனினும் இரு கணினிகளும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் கோப்புகள் நகரும் என்பதால், மாலையானதும் பூட்டிவிடும் எங்கள் அலுவலகத்துக்கு அது சரிப்படுமா என்பது ஐயமே.

உபுண்டுவில் ஆர்குளோன் (rclone) என்ற கிளவுட் இணைப்புக் கருவி வழியாகக் கூகுள் டிரைவை இணைத்து அன்றாடம் பயன்படுத்துவோர் இங்கு இருக்கிறீர்களா? ஒரே எக்செல் கோப்பை இரண்டு இடங்களிலும் திருத்திவிட்டால், இரு பிரதிகளும் தனித்தனியே மிஞ்சுகின்றனவா, அல்லது ஒன்று மற்றொன்றை அழித்துவிடுகிறதா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.