ஆர்எம்மாட் செய்தபின் டைமர் அடித்து ஊப்ஸ், கெர்னல் 5.15

நான் எழுதிய ஐ2சி வெப்பநிலை சென்சார் டிரைவர். ராஸ்பெர்ரி பை 4, லினக்ஸ் 5.15. டிரைவர் மாட்யூலைக் கழற்றும் ஆர்எம்மாட் கட்டளை கொடுத்தால் இருபது தடவைக்கு ஒரு தடவை ஊப்ஸ் (கெர்னல் பிழை). மூன்று வாரமாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

கால் டிரேஸில் (பிழை நேரத்தில் ஓடிய ஃபங்ஷன்களின் பட்டியல்) என் டிரைவர் பெயரே இல்லை, டைமர்களை ஓட்டும் கெர்னல் பகுதியான டைமர் சாஃப்ட்ஐஆர்க்யூ மட்டும்தான். விடுவித்த மெமரியை 6பி என்ற பைட்டால் நிரப்பும் ஸ்லப் பாய்சனிங் போட்டதும் ரெஜிஸ்டரில் 6பி6பி6பி6பி என்று வந்து நிற்கிறது. விடுவித்த மெமரியைத்தான் தொடுகிறது, சந்தேகமே இல்லை.

என் டிரைவரில் டைமர் அடித்ததும் ஒர்க்கை (பிறகு ஓட வேண்டிய வேலையை) கியூவில் போடும். ஒர்க் முடியும்போது டைமரை மறுபடி 100 மில்லிசெகண்டுக்கு வைக்கும். டிரைவரைக் கழற்றும்போது ஓடும் ரிமூவில் டைமரை நிறுத்த டெல்_டைமர்_சிங்க், பிறகு ஒர்க்கை நிறுத்த கேன்சல்_ஒர்க்_சிங்க், கடைசியில் மெமரியை விடுவிக்க கேஃப்ரீ. முதல் இரண்டை இடம் மாற்றியும் பார்த்தேன். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று அதை எழுப்பிவிடுகிறது. டைமரை மறுபடி வைக்கவே விடாமல் நிறுத்தும் டைமர்_ஷட்டவுன்_சிங்க் கெர்னல் 6.2இல்தான் வந்தது, எனக்கோ கெர்னலை மாற்ற வழியில்லை.

ஸ்பின்லாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் பூட்டு) ‘நிறுத்தியாச்சு’ என்று ஒரு ஃபிளாக் வைத்து, அதைப் பார்த்தபிறகே டைமரை வைத்தால் 5.15இல் போதுமா?