பணம் போன முதல் ஒரு மணி நேரம்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் கடை வைத்திருக்கிறேன். பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வருகிறவர்களோடு, கொஞ்ச காலமாக போனில் பணத்தைப் பறிகொடுத்தவர்களும் புகார் பதிய வருகிறார்கள். எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, "எப்போ போச்சு?" பெரும்பாலும் கிடைக்கும் பதில், "முந்தாநாள்", "போன வாரம்". தாமதத்துக்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான்: வீட்டில் திட்டுவார்கள் என்ற பயம். அதனால்தான் இந்தப் பகிர்வைத் தொடங்குகிறேன். உங்கள் வீட்டில், தெருவில் நடந்ததை எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். வீடியோ காலில் போலீஸ் உடுப்பு போட்டவன் பேசியிருக்கிறான். உங்கள் ஆதாரை வைத்து வாங்கிய சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக்கூடாது என்று மிரட்டியிருக்கிறான். ஐயா அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது "வேலையா இருக்கேன்" என்று சொல்லச் சொன்னவனும் அவனே. எஃப்டியை உடைக்க வங்கிக்குப் போனபோதும் போன் சட்டைப் பையில் இணைப்பிலேயே இருந்திருக்கிறது. வங்கியில் கேட்டால் பேத்தி படிப்புக்கு என்று சொல்ல வேண்டும், அதுவும் அவன் எழுதிக் கொடுத்த வசனம்.

டிஜிட்டல் கைது என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். அந்தச் செய்தியை ஐயாவும் படித்திருக்கிறார். ஆனால் ஒருவன் மணிக்கணக்காக மிரட்டிக்கொண்டே இருக்கும்போது படித்தது எதுவும் ஞாபகத்துக்கு வராது. பக்கத்து அறையில் இருக்கும் மனைவியிடம் பேசவிடாமல் செய்ததில்தான் அவன் ஜெயித்தான். என்னிடம் வந்த பிறகும் ஐயா கேட்டது, "பையனுக்குத் தெரியாம புகார் கொடுக்க முடியுமாம்மா?" அதைக் கேட்டு எனக்கு மனசே ஆறவில்லை.

சைபர் மோசடியில் பணம் போனால் அழைக்க வேண்டிய 1930 என்ற உதவி எண்ணைப் பற்றி நிறையப் பேருக்கு ஒரு சந்தேகம், அதில் பேசினால் என்ன ஆகிவிடும் என்று. அது சும்மா புகார் கேட்டு எழுதிக்கொள்ளும் இடம் இல்லை. பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரம் உடனே அந்த வங்கிக்குப் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள், வேறு வங்கிக்கு நகர்ந்திருந்தால் தகவல் அங்கேயும் துரத்திக்கொண்டு போகும். திருடனும் சும்மா இருக்க மாட்டான். வந்த பணத்தை நாலைந்து கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பி, ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். யார் முந்துகிறார்கள் என்பதுதான் விஷயம். யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

அக்கா, எங்கள் நைனா தறி ஓட்டுகிறவர். தெருக்காரர் ஒருவரின் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று ஒரு செய்தி, கூடவே ஒரு ஃபைல். பார்க்க சலான் மாதிரி இருந்தாலும் பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தது, அதாவது அது போனில் செயலியை இறக்கும் ஃபைல். நைனா அதைத் தொட்டதும் ஒரு செயலி இறங்கி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கிறது. தெரிந்தவர் அனுப்பியது என்ற நம்பிக்கையில் கொடுத்துவிட்டார். அனுப்பியவரின் போனிலும் அதே செயலி உட்கார்ந்துகொண்டு, அவருக்கே தெரியாமல் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

நைனா யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, வருகிற ஓடிபியை அந்தச் செயலியே படித்து அனுப்பிவிடுகிறது. இரண்டு தடவை பணம் போய்விட்டது. பன்னிரண்டாவது படிக்கும் தம்பி போனைப் பிடுங்கி ஃபிளைட் மோடில் போட்டு, அம்மா போனிலிருந்து 1930க்குப் பேசினான். இரண்டாவதாகப் போன தொகை நிறுத்தப்பட்டது. முதலில் போனதை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பெரியப்பா வந்து, "படிக்காதவன் கையில இன்னாத்துக்கு டச் போனு?" என்று நைனாவை எல்லோர் முன்னாலும் கேட்டார். பணம் போனதைவிட அந்தப் பேச்சுதான் நைனாவை உடைத்தது. இப்போது மணி அடித்தாலும் போனைத் தொடுவதில்லை. நூல் கடைக்காரர் அழைத்தால் அம்மாதான் எடுக்கிறார்.

காந்தி ரோட்டிலிருந்து:

லாட்ஜில் வரவேற்பில் இருக்கிறேன். எங்களிடம் தங்குபவர்கள் பெரும்பாலும் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்காக இணையத்தில் எண் தேடி, யாரோ போட்டு வைத்திருக்கும் போலி எண்ணில் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவுக் கட்டணம் 10 ரூபாய்தான் என்று லிங்க் வரும். அதில் கார்டு விவரம் போட்டால் மீதியையும் வழித்துவிடுவான். ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன் பணம் போனது. ஊர் புதிது, பாஷை தெரியாது. எங்கள் ரூம் பையன் அசாம்காரன், அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து வங்காளத்தில் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னான். இப்போது சாவி கொடுக்கும் மேசையில் வங்காளத்திலும் இந்தியிலும் 1930 என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். மற்ற லாட்ஜ்காரர்களும் இதைச் செய்ய வேண்டும்.

நேதாஜி மார்க்கெட்டிலிருந்து:

நான் எதையும் தொடவில்லை, எந்த லிங்க்கும் வரவில்லை. காய்கறி வாங்கிய யாரோ கியூஆரில் 640 ரூபாய் போட்டார்கள். அது வேறு மாநிலத்தில் யாரிடமோ திருடிய பணமாம். என் மொத்தக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பணம் உள்ளேயே நின்றுவிட்டது. வங்கியில் கேட்டால் அந்த மாநிலப் போலீசிடம் கேளுங்கள் என்றார்கள். பில்லு, கடை உரிமம், ஆதார் நகல் எல்லாம் வைத்து அந்த ஸ்டேஷனுக்கு மின்னஞ்சல் போட்டு, திரும்பத் திரும்பப் பேசி, கடைசியில் 640ஐ மட்டும் நிறுத்திவிட்டு மீதியை விட்டார்கள். சந்தேகப்பட்ட தொகையை மட்டும் முதலிலேயே நிறுத்தியிருந்தால் என்ன? திருடனைத் துரத்துவது சரி, தினம் முதல் போட்டுத் தொழில் செய்கிறவனின் கையைக் கட்டிப்போடுவது நியாயமே இல்லை. இப்போது கியூஆருக்குத் தனிக் கணக்கு வைத்து, ராத்திரியே பணத்தை மாற்றிவிடுகிறேன்.

காட்பாடியிலிருந்து:

கல்லூரி மாணவன். மேலே சொன்ன திருடர்களுக்குக் கணக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்று யாரும் எழுதவில்லை. எங்களைப் போன்றவர்களிடமிருந்துதான். டெலிகிராமில் "பார்ட் டைம் வேலை" என்று வருவான். புதுக் கணக்கு தொடங்கி ஏடிஎம் கார்டையும் அதோடு இணைத்த சிம்மையும் கொடுத்தால் போதும், கமிஷன் தருகிறேன் என்பான். எனக்கும் வந்தது, நான் ஒதுங்கிவிட்டேன். என் வகுப்பில் ஒருவன் கொடுத்தான். வேறு மாநிலப் போலீஸ் அவன் வீட்டைத் தேடி வந்தபோது அவன் அப்பாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. தானும் ஏமாந்தவன்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், வழக்கில் அவன் பெயர் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் இருக்கிறது. ஹாஸ்டல் அறிவிப்புப் பலகையில் ராகிங்குக்கு எச்சரிக்கை இருக்கிறது, இதற்கு இல்லை.

சத்துவாச்சாரியிலிருந்து:

காட்பாடி தம்பி, நீங்கள் எழுதியதை அச்செடுத்துக் கடையில் ஒட்டப்போகிறேன். பாஸ்புக் ஜெராக்ஸ் எடுக்க வரும் பிள்ளைகள் படிக்கட்டும்.

குடியாத்தம் தங்கச்சி, 1930ல் பேசியதோடு விட்டுவிடாதீர்கள். சைபர்கிரைம் இணையதளத்தில் முழுப் புகாரையும் பதிந்து ஒப்புகை எண் வாங்குங்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் வெளியாளால் நடந்த மோசடியை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. செயலிக்கு அனுமதி கொடுத்தது உங்கள் நைனாதானே என்று வங்கி வாதாடலாம், அதற்காகக் கடிதம் கொடுக்காமல் இருக்காதீர்கள். போனை முழுவதும் அழித்து ரீசெட் செய்த பிறகுதான் மறுபடி சிம் போட வேண்டும். அதற்கு முன் அந்த வாட்ஸ்அப் செய்தியையும் ஃபைலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், போலீஸ் கேட்பார்கள். நிறுத்திய தொகை தானாகத் திரும்பி வராது, நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் விடாமல் கேளுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இன்னும் இதற்காக வேலூருக்கு பஸ் ஏறி வருகிறார்கள். 2019ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து உங்களுக்குத் திருப்பத்தூர், ஆற்காடு வாலாஜாக்காரர்களுக்கு ராணிப்பேட்டை. ஆனால் நேரில் போவது அடுத்த வேலை. முதல் அழைப்பை வீட்டு வாசலிலிருந்தே செய்துவிடுங்கள்.