17ஆம் மட்டை: உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?

லயத்துப் பெண்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 17ஆம் மட்டையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உரக் கணக்குப் பார்க்க அந்த மட்டையில் இலை வெட்டி சோதனைக்கு அனுப்புவார்களே, அதேதான். அப்பா அந்த வேலைக்குப் போவார். ஒரு பள்ளி விடுமுறையில் பை தூக்க என்னையும் கூட்டிப் போனார். நான் உச்சியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து ஏழிலேயே குழம்பிவிட்டேன். அடுத்த மட்டை பக்கத்தில் இருக்காது, மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடும். அப்பா எண்ணவே இல்லை. முழுசாக விரிந்த மட்டைகளில் ஆக இளசானதைக் கம்பால் காட்டி "இது ஒண்ணு", அதற்குக் கீழே கொஞ்சம் ஒதுங்கி நின்றதைத் தொட்டு "இது ஒம்போது", இன்னும் கீழே அதே சாய்வில் "இது பதினேழு". அவ்வளவுதான்.

ஆறாம் படிவத்தில் ஃபிபோனாச்சி வரிசை (1, 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தின இரண்டையும் கூட்டிக்கொண்டே போகுமே, அது) படித்தபோதுதான் எட்டு எட்டாகத் தாவினாரே என்று உறைத்தது. ஒரு மட்டைக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 137.5 பாகை. எட்டு மட்டை தள்ளினால் 1,100, மூன்று முழுச் சுற்று 1,080. மிச்சம் 20 பாகை, அந்த ஒதுக்கம்தான். ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். "ஏம்மா எட்டு, ஏழா இருந்தா என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சட்டையை மாட்டப் போனார். இருபது வருடமாக அது உறுத்துகிறது.

அன்னாசிக்காரன்:
அக்கா, உங்கள் கதை சரி. ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே அடுத்து ஒருவர் வந்து நத்தை ஓடு, மனுஷன் முகம் எல்லாமே தங்க விகிதம், 1.618 என்பார். ஊர் பேரிலேயே நத்தை இருப்பதால் (சிப்புட் என்றால் மலாயில் நத்தை) எங்கள் வாட்சாப் குழுவில் அந்தப் படம் மாதம் ஒருமுறை சுற்றுகிறது. அந்தப் படத்தில் வரும் நாட்டிலஸ் என்ற கடல் பிராணியின் ஓடு ஒரு சுற்றுக்குச் சுமார் 3 மடங்குதான் பெருகும். தங்கச் சுருள் என்றால் கால் சுற்றுக்கு 1.618 மடங்கு, முழுச் சுற்றுக்கு 6.85 மடங்கு பெருக வேண்டும். எங்கே 3, எங்கே 6.85?

என் அனுபவம் காலைச் சந்தையில். அன்னாசி சீவும் அண்ணன் கண்ணை ஒவ்வொன்றாகத் தோண்டாமல் சாய்வாக வாய்க்கால் வெட்டிக்கொண்டே பழத்தைத் திருப்புவார், சாறு முழங்கை வரை வழியும். ஒரு பக்கச் சாய்வில் 8 வரிசை, எதிர்ச் சாய்வில் 13. அடுத்த பழமும் அப்படியே. மூன்றாவதில் இரண்டு தடவை எண்ணியும் 12தான் வந்தது. பழத்தின் கண் கோணலா, என் கண் கோணலா தெரியவில்லை. "தம்பி, வாங்குறியா எண்ணுறியா?" என்று அவர் கத்தியை நிறுத்தியதும் மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பால்மரத்துக் காலம்:
தம்பி, 12 என்றால் நீங்கள் தப்பாக எண்ணியிருப்பீர்கள். ஆரம்பித்த கண்ணில் ஒரு ஈர்க்குச்சியைக் குத்தி வைத்துவிட்டு எண்ண வேண்டும்.

எனக்கு இடதுகைப் பழக்கம். சின்ன வயதில் ஆயாவுக்குத் தெரியாமல் ஒரு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கோட்டின் திசையை மாற்றி, வலது மேல் இடது கீழாகச் சீவிவிட்டேன். ஆயா கத்தியைப் பிடுங்கி, "பால் ஒரு பக்கமா சாஞ்சு ஏறுதுடா, குறுக்க வெட்டுனாத்தான் நெறைய வரும்" என்றார். பட்டையில் பால்குழாய்கள் நேர்க்குத்தாக இல்லை, சில பாகை வலப்பக்கம் சாய்ந்துதான் மேலே ஏறுகின்றன என்று பிறகு படித்தேன். கோடு இடது மேல், வலது கீழ், 30 பாகை வாட்டத்தில் போவது அதனால்தான். ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை.

சரி, யாராவது செம்பனையில் எண்ணப் போகிறீர்கள் என்றால்: வெயில் ஏறிய பிறகு போங்கள், பூட்ஸ் போடுங்கள், அடிமட்டை முள் குத்தினால் அப்படியே விடாதீர்கள், சீழ் பிடிக்கும். மட்டைக் காம்பு இடுக்கில் பூரான் இருக்கும், கையை விடாதீர்கள். உயர்ந்த மரம் வேண்டாம், ஆள் உயரக் கன்று போதும், ஒவ்வொரு காம்பிலும் சாக்குக் கட்டியால் எண் போட்டுக்கொண்டே வாருங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். அப்புறம் அந்தப் பெண் அப்பாவிடம் போய் ஒரு வார்த்தை பேசலாம், இதை யாரும் கேட்கவில்லை, தெரியும்.

இட்லிப்பூ:
அதெல்லாம் இருக்கட்டும், "ஏன் எட்டு" என்று அவர் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே. 1992இல் டுவாடி, கூடர் என்ற இரண்டு பேர் எண்ணெயில் காந்தத் துளிகளைச் சொட்டவிட்டுப் பார்த்தார்கள். துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அதுவாகவே அந்த 137.5 பாகைக் கோணத்துக்கு வந்து நின்றன. குருத்தும் அப்படித்தான், முன்னால் முளைத்தவை விட்ட இடத்தில் முளைக்கிறது. அந்தக் கோணத்தில் போனால் எட்டு தள்ளியதுதான் ஏறத்தாழ அதே பக்கம் வரும், ஏழு தள்ளியது வராது. ஆனால் எல்லாச் செடியும் அந்த ஃபிபோனாச்சி எண்களுக்குக் கட்டுப்படாது. என் வாசலில் இட்லிப்பூவுக்கு நாலு இதழ்.

லயத்துப் பெண்:
நேற்று அப்பாவிடம் சொன்னேன். "ஓ, பெரட்டுல ஆள் நிக்கிற மாதிரி, எடம் இருக்கிற பக்கம் போயிடுது" என்றார். (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் கூட்டம்.) நான் தலையாட்டுவதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டார். சில மரம் இடப்பக்கம் சுற்றுகிறது, பக்கத்து மரமே வலப்பக்கம் சுற்றுகிறது, ஒரே வரிசையில், ஒரே வகைக் கன்று. அது ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தினமும் கேட்கிறார்.