18446744073709551615: இதன் பகாக் காரணிகளைக் கையால் காண வழி உண்டா?

கேள்வி — எண்விரும்பி

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டங்களிலும் வைத்தால் மொத்தம் 18446744073709551615 ஆகும் என்ற கணக்கைப் பலரும் அறிவோம். எண்ணின் பருமனைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். அதன் உள்ளமைப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கடைசி இலக்கம் 5 என்பதால் அது 5-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூடுதல் 87 என்பதால் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இதற்கு மேல், கணினியின் துணையின்றி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கும் விளங்கும்படி இதை முழுமையாகப் பிரித்துக் காட்ட இயலுமா?

மறுமொழி — கணக்கன்

இயலும். இலக்கங்களைப் பார்க்காமல், எண்ணை 2⁶⁴ − 1 என்று எழுதிப் பாருங்கள். இரு வர்க்கங்களின் வேறுபாட்டுக்கான முற்றொருமையின்படி இது (2³² + 1)(2³² − 1) ஆகும். இரண்டாவது காரணியை அதே முறையில் மீண்டும் மீண்டும் உடைத்தால் 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கற்பலன் கிடைக்கும். இவை ஃபெர்மா எண்கள்: 2-இன் 1, 2, 4, 8, 16, 32 ஆகிய அடுக்குகளோடு 1-ஐக் கூட்டினால் வருபவை. கணிதர் ஃபெர்மாவின் பெயரால் அழைக்கப்படுகின்றன. இவற்றில் எந்த இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது.

முதல் ஐந்தும் பகா எண்கள். அவற்றை மட்டும் பெருக்கினால் வரும் 4294967295-க்கு 1-ஐ நீக்கி 31 வகுத்திகள் உள்ளன. அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையக்கூடிய, ஒற்றைப்படைப் பக்கங்களுடைய ஒழுங்குப் பலகோணங்களாக இன்றுவரை அறியப்பட்டவை அந்த 31 பக்க எண்ணிக்கைகளுக்கு உரியவையே. 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று 1796-இல் காஸ் கண்டது இவ்வழியின் தொடக்கம்.

மறுமொழி — மீதி

ஆறாவது எண்ணான 4294967297-ஐயும், அதாவது 2³² + 1-ஐயும், பகா எண் என்றே ஃபெர்மா கருதினார். 1732-இல் ஆய்லர் அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். இதைச் சரிபார்க்க நீண்ட வகுத்தல் வேண்டியதில்லை. 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴-உம் ஆகும். முதல் வடிவத்தின்படி, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுக்கும்போது −1 மீதியாகும் எனலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴-ஐ வைக்கலாம். அப்போது −2³²-இன் மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. ஈவு 6700417.

எண்விரும்பி

மிக்க நன்றி. 6700417 பகா எண் என்பதை மட்டும் எப்படி உறுதி செய்வது? அதன் வர்க்கமூலம் 2588-ஐத் தாண்டுகிறது. அதுவரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்ப்பது மாணவர்களுக்குப் பெரும் சுமை.

மறுமொழி — மீதி

அனைத்தும் தேவையில்லை. 2³² + 1-ஐ ஒரு பகா எண் வகுத்தால், அதனால் வகுக்கும்போது 2-இன் அடுக்குகளில் முதன்முதலாக மீதி 1 தருவது 64-ஆம் அடுக்கே. 2-இன் அடுக்கு, ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணைவிட 1 குறைவாக இருந்தால், அப்பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். ஆகவே அதன்படி அப்பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் 64-இன் மடங்கு வர வேண்டும். பின்னாளில் லூக்கா இதை 128-இன் மடங்கு என்று கூர்மையாக்கினார். 2588-க்குள் அத்தகைய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்து மட்டுமே. 257 வேறொரு ஃபெர்மா எண் என்பதால் அது வகுக்காது. மற்ற நான்கும் முறையே 44, 120, 334, 622 என்ற மீதிகளைத் தருகின்றன. எனவே 6700417 பகா எண்ணே. முழு எண்ணுக்கும் வெவ்வேறான ஏழு பகாக் காரணிகள் இருப்பதால் மொத்த வகுத்திகள் 128.

மறுமொழி — கணக்கன்

மாணவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: இந்த எண்ணோடு 2-ஐக் கூட்டினால் அடுத்த ஃபெர்மா எண்ணான 2⁶⁴ + 1 வரும். அதை உடைக்க அப்படியொரு முற்றொருமை கைகொடுப்பதில்லை. அதன் காரணிகள் 274177, 67280421310721 என்பதை லாண்ட்ரி 1880-இல் வெளியிட்டார். அங்கும் அதே விதி செல்லும். இம்முறை 256-இன் மடங்கோடு 1. 274177 அவ்வரிசையில் 1071-ஆம் எண்.