ஏ-40 சமர்செட்: சார்ஜ் லைட் அணையவில்லை, பக்கத்தில் நிற்கும் டட்சனில் பிரச்சினை இல்லை. உதவி தேவை

கேள்வி (விசுவமடு)

வீட்டில் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன. அப்பாவின் 1953 ஆஸ்டின் ஏ-40 சமர்செட், மாமா தந்த 1976 டட்சன் 120 வை. இருபத்து மூன்று வருட இடைவெளி இருந்தாலும் எஞ்சின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான்: அது 1200 சிசி, இது 1171. அதனால் ஒன்றுக்குச் செய்வதையே மற்றதற்கும் செய்து வருகிறேன்.

போன கிழமை இரண்டுக்கும் புதுப் பற்றரி போட்டேன். டட்சன் உடனே பிடித்தது. ஏ-40 இழுத்து இழுத்துத்தான் பிடித்தது, சிவப்பு சார்ஜ் லைட்டும் அணையவில்லை. ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தால் இன்னும் பிரகாசமாக எரிகிறது. பயந்து நிறுத்திவிட்டேன். டைனமோ போய்விட்டதா? போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார் இது. மீள்குடியேறியபோது அப்பா இங்கே கொண்டுவந்தார். அதைக் கெடுத்துவிட்டேனோ என்று மனம் கிடந்து அடிக்கிறது.

மறுமொழி (பரந்தன்)

தம்பி, டைனமோவைக் கழற்ற வேண்டாம், எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம். ஏ-40இல் பற்றரியின் எந்த முனை சேசிக்கு (காரின் இரும்புச் சட்டத்துக்கு), அதாவது ஏர்த்துக்குப் போகிறது?

கேட்டவர்

டட்சனில் உள்ளதுபோல எதிர் முனைதான், அண்ணை. ஏர்த் கிளிப் அதில் ஆடியது, தகரத் துண்டு சுற்றி இறுக்கினேன். மற்றக் கிளிப்பை நேர் முனையில் தட்டித்தான் இறக்கினேன்.

மறுமொழி (பரந்தன்)

அந்தத் தகரத் துண்டிலேயே விடை இருக்கிறது. எந்தப் பற்றரியிலும் நேர் முனை தடிப்பு, எதிர் முனை மெல்லிசு. சமர்செட்டின் ஏர்த் கிளிப் பெரிதாக இருப்பது நேர் முனையைப் பிடிப்பதற்கு. அந்தக் காலத்து ஆங்கிலக் கார்களில் நேர் முனைதான் ஏர்த். 1960களின் பிற்பகுதியில்தான் அவர்கள் மாறினார்கள். டட்சன் தொடக்கத்திலிருந்தே எதிர் ஏர்த், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வேறு.

மாற்றிப் போட்டதால் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் கொயில் திசை மாறி ஸ்பார்க் மெலிந்துவிட்டது. டைனமோ பழைய திசையிலேயே மின்சாரம் தருவதால் லைட் கூடுதலாக எரிகிறது. இன்னும் மிதித்திருந்தால், டைனமோவைப் பற்றரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் பாயின்ட் ஒட்டிக் கருகியிருக்கும். பயந்து நிறுத்தியது பெரிய காரியம்.

தகரத்தை எடுத்துவிட்டு நேர் முனையைச் சேசிக்குக் கொடுங்கள். அதற்கு முன் கட்-அவுட் இருக்கும் கன்ட்ரோல் பெட்டியின் மூடியைத் திறந்து, பாயின்ட் ஒட்டாமல் விலகி நிற்கிறதா பாருங்கள்.

மறுமொழி (வவுனியா)

ஒரேயடியாக எதிர் ஏர்த்துக்கே மாற்றலாமே? புது ரேடியோ போட வசதி.

மறுமொழி (பரந்தன்)

மாற்றலாம். கொயில் வயர் இரண்டையும் இடம்மாற்ற வேண்டும், டைனமோவுக்குத் திசை பழக்க வேண்டும். ஆனால் நான் மாற்றமாட்டேன். ஏ-40இல் கம்ப்ரெஷன் (எஞ்சின் கலவையை அழுத்தும் விகிதம்) ஏழுக்குச் சற்று மேல்தான். அது குறைவாக இருந்ததால்தான் நாலு சொட்டு பெற்றோலில் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடியது அந்த எஞ்சின். அது பிறந்தபடியே ஓடட்டும்.

கேட்டவர்

பாயின்ட் விலகித்தான் நின்றது. முனையை மாற்றினேன், கிளிப் தகரமில்லாமலே இறுகப் பிடித்தது. அரைத் திருப்பில் பிடித்து, மிதித்ததும் லைட் அணைந்தது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி அண்ணை.